வாரா வாரம் ஷிப்டு மாறுறவனுக்கு சாவேஜ் ரெய்டு எட்டவே எட்டாதா?

தண்டையார்பேட்டை_டிராகூன்:

மக்களே ஒரு கேள்வி, பாதி கேள்வி பாதி புலம்பல், படிச்சிட்டு திட்டாதீங்க.

ஃபைனல் ஃபேன்டசி 14 ஆன்லைன் கேம்ல டான்ட்ரெயில்ங்கற எக்ஸ்பேன்ஷன் கதைய முடிச்சு லெவல் 100 ஆச்சு, நார்மல் ரெய்டு (எட்டு பேர் சேந்து பாஸ அடிக்கறது) எல்லாம் டூட்டி ஃபைண்டர்ல (கேமே ஆள் சேத்து விடும்) க்யூ போட்டே முடிச்சாச்சு, அடுத்து அதோட கஷ்டமான மோடு சாவேஜ் போலாம்னு ஆச. பாஸ் கஷ்டம்னு நான் சொல்லல, அடி வாங்கி அடி வாங்கி கத்துக்கறதுல எனக்கு பிரச்சனையே இல்ல. பாஸ் முன்னாடி போய் நிக்கறதுக்கே வழி இல்ல, அதான் மேட்டரு.

எனக்கு மணலி பக்கம் ஒரு பிளான்ட்ல வேல. காலைல 6 டு 2 ஒரு வாரம், 2 டு 10 ஒரு வாரம், நைட்டு 10 டு 6 ஒரு வாரம், இப்படியே சுத்தும். ஸ்டாட்டிக் (நெரந்தரமா சேந்து ஆடற எட்டு பேர் குரூப்பு) தேடுனா எல்லா விளம்பரமும் ஒரே அச்சு, வாரத்துல ரெண்டு மூணு நாளு, அதே கெழம அதே நேரம் மூணு மணி நேரம், வர முடியலன்னா முன்னாடியே சொல்லணும். ஒரு குரூப்ல சேத்தாங்க, நல்ல பசங்கதான், மொத வாரம் சூப்பரா போச்சு, அடுத்த வாரம் ஷிப்டு மாறிடுச்சுன்னு சொன்னேன், சரி ப்ரோ சப்ஸ்டிட்யூட்டா இருங்கன்னாங்க, அப்புறம் குரூப் சாட் நடக்கற டிஸ்கார்டுல என் ரோலையே காணோம். அவங்க மேல கோவம் இல்ல, எட்டு பேர் ஆட்டம் ஏழு பேரா ஆட முடியாது.

சரி பார்ட்டி ஃபைண்டர்ல (ஆள் தேடி நோட்டீஸ் போடற எடம்) போலாம்னா அது நம்ம சுங்கச்சாவடி ஷேர் ஆட்டோ கத, ஆள் ரொம்பற வரைக்கும் கிளம்பாது, ரொம்பற நேரத்துல ஒருத்தர் எறங்கி போயிடுவாரு. என் கேரக்டர் ஐரோப்பா சர்வர்ல இருக்கு, ஃப்ரெண்டு ஒருத்தன் அங்க இருந்தான்னு ஆரம்பிச்சது, அவன் இப்ப ஆடறதே இல்ல. அவங்க சாயங்காலம் எனக்கு நடுராத்திரி. போதாததுக்கு வீடு ஒரே ரூமு, அம்மா தூங்கறாங்க, மைக்ல வாயே தொறக்க முடியாது.

என் வாதம் என்னன்னா, கஷ்டமான கன்டென்ட் வேற, போய் சேர்றதுக்கே கஷ்டமான கன்டென்ட் வேற. கம்பெனிங்க ரெண்டையும் ஒண்ணாக்கி வெச்சிருக்காங்க. 2025 மே மாசம் இதே கேம்ல அக்கல்ட் கிரெசன்ட்ங்கற ஏரியாவுல ஃபோர்க்டு டவர் வந்துச்சே, 48 பேர் வரைக்கும் போற ரெய்டு, உள்ள நடக்கற ஃபைட் நல்லா இருக்குன்னு போனவங்க எல்லாம் சொன்னாங்க, ஆனா தெரிஞ்ச ஆளுங்கள பார்ட்டி கட்டி நேரா உள்ள போக வழியே வெக்கல, எல்லாரும் ஒரே இன்ஸ்டன்ஸ்ல (அந்த ஏரியாவோட ஒரே காப்பில) எறங்க டிஸ்கார்டுல கவுண்டவுன் போட்டு அடிச்சு பிடிச்சு நுழையணும். இதுல என்ன திறமைய சோதிக்கறாங்கன்னு யாராச்சும் சொல்லுங்க.

நம்ம பக்கத்துல ஷிப்டு பாத்துகிட்டே ரெய்டு அடிக்கறவங்க யாராச்சும் இருந்தா எப்படி சமாளிக்கறீங்க? சர்வர் மாத்தலாமா, இல்ல கேமையே மாத்தணுமா?


ராயபுரம்_டேங்க்:

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, நான் எதிர்க்கட்சி.

சாவேஜ்ல பூட்டி வெச்சிருக்கறது என்ன சொல்லுங்க? கத இல்ல, கதைய நார்மல்லயே குடுத்துட்டாங்க. 2013ல இந்த கேம் ஏ ரெல்ம் ரீபார்ன்னு வந்தப்ப நெலம வேற, பஹாமுத்ங்கற டிராகனுக்கு என்ன ஆச்சுங்கற பெரிய கதையே காயில் ரெய்டுக்குள்ள தான் இருந்துச்சு, நெறைய பேர் அத பாக்கவே இல்ல. அது தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சு 2015ல ஹெவன்ஸ்வர்டு எக்ஸ்பேன்ஷன்ல அலெக்ஸாண்டர் ரெய்ட நார்மல், சாவேஜ்னு ரெண்டா ஒடச்சாங்க. உங்க கேள்விக்கு பதில் அங்கயே குடுத்தாச்சு. மிச்சம் இருக்கறது ஃபைட்டும் கியரும் (ஆயுதம், கவசம்), அந்த கியரும் அடுத்த பெரிய பேட்ச் வந்தா பழசு.

எட்டு பேர் ஒண்ணா உக்காந்து வாரக்கணக்குல ஒரே ஃபைட்ட பழகறோமே அதான் சாவேஜ். ஒருத்தர் வரலன்னா ஏழு பேரோட சாயங்காலம் காலி, அதுல ஒருத்தருக்கு குழந்த தூங்கற நேரம், இன்னொருத்தர் பொண்டாட்டி கிட்ட பர்மிஷன் வாங்கி வந்திருப்பாரு. அந்த கட்டுப்பாட்ட எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்? 2011 நவம்பர்ல வாவ்ல (வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்) டிராகன் சோல் ரெய்டோட சேத்து ரெய்டு ஃபைண்டர் விட்டாங்க, எல்லாரும் வரலாம், 25 பேர் தானா சேருவாங்க. என்ன ஆச்சு? பாதி பேர் ஆட்டோ அட்டாக் போட்டுட்டு டீ குடிக்க போயிட்டான். கூட ஆடறவன் பேர் கூட தெரியாம ரெய்டு முடிஞ்சு போகும். அது டூர், ரெய்டு இல்ல.

வாவ்ல 40 பேர் சேத்து மோல்டன் கோர் ரெய்டு போன காலத்துக்கு எட்டு பேர்லாம் சலுகை.


வியாசை_வார்லாக்:

ராயபுரம் அண்ணாத்த, 10 டு 6 ஆபீஸ் பாத்துட்டு ஏசி ரூம்ல குந்திகினு கட்டுப்பாடு பத்தி பேசறது ஈஸி 😂

40 பேர் காலம்னு சொன்னீங்கல்ல, அதே வாவ்ல 2006ல பழைய நாக்ஸ்ரமாஸ் விட்டாங்க, எத்தினி பேர் உள்ள போனான்? கொஞ்சூண்டு கில்டு. அம்மாம் பெரிய ரெய்டு, நாலு விங்கு, கலைஞருங்க மாசக்கணக்குல வரைஞ்சது, யாரும் பாக்காமயே அடுத்த எக்ஸ்பேன்ஷன் பர்னிங் க்ரூசேட் வந்துடுச்சு. அப்பால 2008 ராத் ஆஃப் தி லிச் கிங்ல அதையே எடுத்து 10 பேர், 25 பேர்னு மாத்தி மறுபடியும் விட்டாங்க, ஊரே போச்சு. கட்டுனவனுக்கே மனசு கேக்கல, உங்களுக்கு மட்டும் இன்னா வந்துச்சு.

ரெய்டு ஃபைண்டர்ல டீ குடிக்க போனான்னு சொல்றீங்க, சரிதான், நானும் போயிருக்கேன். ஆனா டிராகூன் தம்பி கேக்கறது ஈஸி மோடு இல்லியே, கஷ்டத்த கொறைக்க சொல்லவே இல்ல அவன், கதவு எங்கன்னு கேக்கறான்.


எண்ணூர்_நைட்ஷிப்ட்:

தம்பி நானும் மூணு ஷிப்டு ஆளு, உங்க வயசுல பாதி காலம் இதே பிரச்சன. கொள்கைய அவங்க பேசட்டும், நம்ம கடிகாரத்த பாப்போம்.

மொதல்ல ஒரு விஷயம். ரெய்டு அடிக்கறவன் உலகத்துல எங்க இருந்தாலும் அவன் ஊர் நைட்டு 8 மணி, 9 மணிக்குதான் உக்காருவான். அத நம்ம நேரத்துக்கு மாத்தி பாருங்க. ஜப்பான் நைட்டு 9 மணின்னா நமக்கு சாயங்காலம் 5:30. சிட்னி 8 மணின்னா மத்தியானம் 3:30, அவங்களுக்கு வெயில் காலத்துல கடிகாரத்த முன்னாடி தள்ளி வைப்பாங்க அப்ப 2:30. ஐரோப்பா 8 மணின்னா குளிர் காலத்துல நமக்கு நடுராத்திரி 12:30, கோடைல 11:30. அமெரிக்கா மேற்கு கரை 8 மணின்னா மறுநாள் காலைல 9:30, கோடைல 8:30.

இப்ப உங்க ஷிப்ட பக்கத்துல வெச்சு பாருங்க. 6 டு 2 வாரத்துல 3:30க்கு வீடு, குளிச்சு சாப்ட்டு 5:30க்கு ஜப்பான் கூட உக்காரலாம், 8:30க்கு முடிஞ்சிடும், 9 மணிக்கு தூக்கம், அடுத்த நாள் 4:30க்கு எழுந்திரிக்கலாம். 2 டு 10 வாரத்துல 11 மணிக்கு வந்தா ஐரோப்பா ரெடியா இருக்கும் (எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி வழி விட்டா). நைட்டு ஷிப்டு முடிச்சு 7 மணிக்கு வந்து இட்லி சாப்ட்டு உக்காந்தா அமெரிக்காகாரன் ஆரம்பிக்கறான், ஆனா அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், நைட்டெல்லாம் பேனல பாத்துட்டு வந்து பாஸோட மெக்கானிக் (எப்ப எங்க நிக்கணும்ங்கற கணக்கு) பாத்தா கண்ணுல எதுவும் நிக்காது, வைப் (மொத்த டீமும் சாகறது) ஆனது கூட தெரியாது.

அதாவது மூணு ஷிப்டுக்கும் மூணு கண்டம் இருக்கு, நம்ம கேரக்டர் மட்டும் ஒரே கண்டத்துல மாட்டிகிட்டு இருக்கு. உங்க சிக்கல் அதுதான், வேற எதுவும் இல்ல. மூணு கண்டத்துலயும் கேரக்டர் வளக்கறது கதைய மூணு வாட்டி முடிக்கற வேல, அத விடுங்க. ஒண்ண எடுங்க, நான் எடுத்தது ஜப்பான். காரணம் பிங், அதாவது நம்ம கிட்டேர்ந்து சர்வருக்கு சிக்னல் போயிட்டு வர்ற நேரம்.

ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிமீ போகும், போயிட்டு வர கணக்கு போட்டா 1000 கிமீக்கு 10 மில்லி செகண்டு, இதுக்கு கீழ எந்த பிளான் போட்டாலும் எறங்காது. சென்னைலேர்ந்து சிங்கப்பூர் கிட்டத்தட்ட 2900 கிமீ, கடல் கேபிள் நம்ம ஊர்லயே கரையேறி இருக்கு, அதனால 35, 40ல போயிடும். அங்கேர்ந்து டோக்கியோ இன்னொரு 70, மொத்தம் 110, 120. ஐரோப்பா சர்வர் ஜெர்மனில, கேபிள் செங்கடல் வழியா சுத்திட்டு போகுது. 2025 செப்டம்பர்ல ஜெட்டா பக்கத்துல கேபிள் அறுந்துச்சு ஞாபகம் இருக்கா, சீ-மீ-வீ 4ம் ஐமீவீயும், அப்ப ஐரோப்பால ஆடுனவங்க பட்ட பாடு சொல்லி மாளாது. ஆஸ்திரேலியா டேட்டா சென்டர் மெட்டீரியா 2022 ஜனவரில ஆரம்பிச்சது, நேரம் நமக்கு நல்லாவே ஒத்து வரும், ஆனா கூட்டம் கம்மி, பார்ட்டி ஃபைண்டர நம்பி போறவனுக்கு கூட்டம்தான் முக்கியம்.

ஜப்பான்ல எலிமென்டல் டேட்டா சென்டர்ல டான்பெரின்னு ஒரு வேர்ல்டு, தென்கிழக்கு ஆசியா பசங்க இங்கிலீஷ் பேசறவங்க ரொம்ப வருஷமா அங்க கூடுறாங்க. 2022 ஜூலைலேர்ந்து டேட்டா சென்டர் டிராவல் இருக்கறதால ஜப்பானுக்குள்ள மத்த மூணுக்கும் போயிட்டு வரலாம். காசு கட்டி டிரான்ஸ்ஃபர் பண்ணணும், ஒரு தடவ செலவு.

அப்புறம் ஸ்டாட்டிக்க மறந்துடுங்க. ஜப்பான் பார்ட்டி ஃபைண்டர் வேற ரகம், ஷேர் ஆட்டோல்லாம் இல்ல, பீக் நேரத்துல டக்குனு ரொம்பும். லாக்அவுட் ரீசெட் (வாரத்துக்கு ஒரு தடவதான் பரிசுங்கற கணக்கு புதுசா ஆரம்பிக்கறது) செவ்வாக்கெழம நம்ம நேரம் மத்தியானம் 1:30, அன்னைக்கு சாயங்காலமும் அடுத்த நாளும்தான் நல்ல ஆளுங்க கெடைப்பாங்க. 6 டு 2 ஷிப்டு வர்ற வாரத்த இதுக்குன்னே ஒதுக்குங்க. மிச்ச ரெண்டு வாரம் வீடியோ பாருங்க, வாரம் 450 டோம்ஸ்டோன் (கியர் வாங்கற கேம் காசு) மட்டும் ரொப்பி வெச்சுக்கோங்க, அது எந்த நேரத்துலயும் ஆகும். மூணு வாரத்துக்கு ஒரு வாரம்தான் சாவேஜ், மெதுவாதான் போகும்.


தண்டையார்பேட்டை_டிராகூன்:

எண்ணூர் அண்ணே கையெடுத்து கும்பிடறேன், இந்த மூணு கண்டம் கணக்கு எனக்கு தோணவே இல்ல, நான் நம்ம நேரத்தயே புடிச்சு தொங்கிட்டு இருந்தேன்.

ரெண்டு டவுட்டு. 120 பிங்ல டிராகூன் (ஈட்டி வெச்சு அடிக்கற என் ஜாப்) ஆட முடியுமா, டபுள் வீவ் (ரெண்டு மெயின் ஸ்கில்லுக்கு நடுவுல ரெண்டு ஸ்கில் சொருகறது) எல்லாம் அடுத்த ஜிசிடிய (மெயின் ஸ்கில் மறுபடி வர்ற நேரம்) இடிக்குமே? இன்னொண்ணு மைக், எனக்கு ஜப்பானீஸ் ஒரு எழுத்து தெரியாது, வாயத் தொறக்கவும் முடியாது, அவங்க சொல்றது எனக்கு எப்படி புரியும்?


ஒத்தக்கை_பார்டு:

இத நான் சொல்றேன், எனக்கு இது தினசரி விஷயம். வலது கை விரல் ரெண்டு சரியா மடங்காது, பழைய லேத் ஆக்சிடென்ட், அத விடுங்க.

மொதல்ல மைக். ஜப்பான் பார்ட்டி ஃபைண்டர்ல யாரும் பேசவே மாட்டாங்க. உள்ள போனதும் ஒருத்தர் மேக்ரோ அடிப்பாரு, யார் எந்த எடத்துல நிக்கணும், எந்த ஜோடி யார் கூடன்னு கட்டம் கட்டமா எழுத்துல வரும், எல்லாரும் ஊர் பூரா ஒரே ஸ்ட்ராட் (ஃபைட்ட ஆடற திட்டம்) தான் ஆடுவாங்க, அத முன்னாடியே படிச்சிட்டு வர்றது உங்க பொறுப்பு. எம்டி, எஸ்டி (டேங்க்), எச்1 (ஹீலர்), டி3 (டேமேஜ் பண்றவங்க) மாதிரி குறி தெரிஞ்சா போதும், மேக்ரோல உங்க எடத்த கண்டுபிடிச்சிடலாம். மிச்சத்துக்கு கேம்லயே ஆட்டோ டிரான்ஸ்லேட் இருக்கு, டேப் அடிச்சு வார்த்தைய எடுத்தா அவங்களுக்கு ஜப்பானீஸ்ல தெரியும். வணக்கம், நன்றி, இன்னொரு தடவ ப்ளீஸ், இவ்ளோதான் பேச்சு. ஒரே ரூம் வீட்டுக்கு இத விட தோதான ஊர் கெடையாது. காது கேக்காத ஒருத்தர் எனக்கு பழக்கம், அவரும் இதுக்காகவேதான் அங்க ஆடறாரு, மைக் கட்டாயம்னு போடற ஸ்டாட்டிக் எதுலயும் அவர சேக்க மாட்டாங்க.

பிங் பத்தி. இந்த கேம்ல ஜிசிடி 2.5 செகண்டு, அதனால சும்மா ஆட 120 ஒண்ணும் பண்ணாது. பாஸோட காஸ்ட் பார் முடியற நொடியே நீங்க எங்க இருந்தீங்கன்னு சர்வர் கணக்கு எடுத்துடும், வெடிக்கறது அப்புறமாதான் தெரியும், அதனால வெடிய பாத்து நகராதீங்க, பார பாத்து நகருங்க. டபுள் வீவ் கொஞ்சம் இடிக்கும், உண்மைதான். நிஞ்சா ஜாபோட முத்ரா, மெஷினிஸ்ட் ஜாபோட ஹைப்பர்சார்ஜ் மாதிரி வேகமா அமுக்கற ஸ்கில்லுதான் பிங்ல ரொம்ப அடி வாங்கும், டிராகூன் தப்பிச்சிடும். ஹீலர், பிக்டோமேன்ஸர் பக்கம் வந்தா இன்னும் நிம்மதி. அனிமேஷன் லாக்க (ஒரு ஸ்கில் போட்டதும் அடுத்தது வராம நிக்கற நேரம்) கொறைக்கற டூல் எல்லாம் இருக்குன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க, அது ரூலுக்கு விரோதம், யோசிச்சு பண்ணுங்க.

இந்த த்ரெட்ல எட்டறது எட்டாததுன்னு பேசும்போது எல்லாரும் நேரத்த பத்தியே பேசறீங்க, கை பத்தி யாரும் பேசல, அதனால ரெண்டு வரி. எஃப்எஃப் 14 எனக்கு ஒத்து வந்ததே கன்ட்ரோலர்னால, க்ராஸ் ஹாட்பார்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ட்ரிக்கர் பட்டன மாத்தி மாத்தி புடிச்சா எல்லா ஸ்கில்லும் வந்துடும், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன பழைய கன்ட்ரோலர்ல தான் சாவேஜ் முடிச்சேன். வாவ்ல இவ்ளோ காலம் முப்பது கீபைண்ட் வேணும், இப்ப 2025 ஜூன்ல 11.1.7 பேட்ச்ல ஒரே பட்டன அமுக்கிட்டே இருந்தா அடுத்த ஸ்கில்ல அதுவே போடற மாதிரி ஒண்ணு விட்டாங்க. அதுக்கு பதிலா ஒவ்வொரு ஜிசிடியும் கொஞ்சம் நீளும், கை நல்லா இருக்கறவன் அத வெச்சு முன்னாடி போயிட கூடாதுன்னு. ரெண்டு கை நல்லா இருக்கறவங்கதான் அதுக்கு கத்துனாங்க, எங்கள மாதிரி ஆளுங்க கத்தவே இல்ல, ஆட போயிட்டோம்.

ராயபுரம் டேங்க் சார், கூட ஆடறவன் பேர் கூட தெரியலன்னீங்களே, எனக்கு அதுல ஒரு வசதி இருக்கு. ஏன் ஸ்லோவா இருக்கேன்னு யாருக்கும் வெளக்கம் சொல்ல வேணாம்.


கொருக்குப்பேட்டை_அயர்ன்மேன்:

கேம மாத்தறதாவும் கேட்டிருந்தாரு, அதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் கட்சி.

சிரிக்காதீங்க. 2018 அக்டோபர்லேர்ந்து ஃபோன்லயே அதே அக்கவுண்ட் ஓடுது, வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறி விம்கோ நகர் போறதுக்குள்ள ஒரு வேல முடிஞ்சிடும். கேம் 0.6 செகண்டுக்கு ஒரு டிக்குனு ஓடறதால 120 பிங், 150 பிங் எல்லாம் பெருசா தெரியாது, எதுக்கு தெரியும்னா டிக்க சரியா புடிச்சு ஆடற பெரிய பெரிய ஃபைட்டுக்கு மட்டும்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது டூம்ஸ் ஆஃப் அமாஸ்கட். 2022 ஆகஸ்ட்ல வந்த ரெய்டு. ஒருத்தரா போலாம், எட்டு பேரா போலாம். உள்ள போறதுக்கு முன்னாடி இன்வொகேஷன்னு ஒரு லிஸ்ட் காட்டும், பாஸ் வேகமா அடிக்கணுமா, சாப்பாடு கம்மியா வேணுமா, எத்தன தடவ சாகலாம், ஒவ்வொண்ணா டிக் பண்ணா ரெய்டு லெவல் ஏறும், 600 வரைக்கும். 150க்கு கீழ என்ட்ரி, 300 தொட்டா எக்ஸ்பர்ட். லெவல் ஏற ஏற நல்ல பொருள் விழற வாய்ப்பும் ஏறும். ஒரே ரெய்டு, ஒரே பாஸு, 600 அடிக்கறவன் பெருமைக்கு எந்த கொறையும் வரல, புதுசா வர்றவனுக்கும் கதவு தொறந்திருக்கு. இவ்ளோ சிம்பிளான விஷயம் பெரிய கம்பெனிங்களுக்கு வர இத்தன வருஷம் ஆச்சு. வாவ்ல கூட 2024ல வார் விதின்ல தான் டெல்வ்னு விட்டாங்க, தனியாவும் போலாம் அஞ்சு பேர் வரைக்கும் போலாம், கூட ஒரு குள்ளன் பிரான் வருவான், 11 படி கஷ்டம், வாரக்கடைசி பெட்டில ரெய்டு தரத்துக்கு பக்கத்துல கியர் வரும்.

கில்ட் வார்ஸ் 2ம் சொல்லணும். 2012லேர்ந்து லெவல் 80 தான் மேக்ஸ், அன்னைக்கு செஞ்ச கியர் இன்னைக்கும் செல்லும், ஆறு மாசம் நைட்டு ஷிப்டு பாத்துட்டு திரும்பி வந்தாலும் பின்தங்கி இருக்க மாட்டீங்க. நெறைய மேப்ல பெரிய ஈவன்ட் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா தானா நடக்கும், எந்த ஷிப்டுல வந்தாலும் அடுத்தது சீக்கிரம் வந்துடும். லெஜண்டரி ஆர்மர் மொதல்ல ரெய்டுல மட்டும்தான் இருந்துச்சு, அப்புறம் பிவிபி (ஆளுக்கு ஆள் மோதறது), வேர்ல்ட் வெர்சஸ் வேர்ல்ட்னு தொறந்து 2023லேர்ந்து ஓப்பன் வேர்ல்டுலயும் செய்யலாம். மாச சந்தா கெடையாது, இது நமக்கு சின்ன விஷயம் இல்ல. 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஆட்டோ டெபிட் ரூல் வந்தப்புறம் வெளிநாட்டு சந்தா கார்டுல தானா போறது நெறைய பேருக்கு நின்னு போச்சு, மாசா மாசம் டைம் கார்டு தேடி அலையறதும் எண்ட்கேம் (கத முடிஞ்சப்புறம் வர்ற ஆட்டம்) கதவுதான், அத எவனும் கணக்குல எடுக்கறது இல்ல.


ராயபுரம்_டேங்க்:

வார்லாக்கு, எனக்கு ஏசி இல்ல, டேபிள் ஃபேன் தான், ஆபீஸும் 10 டு 6 இல்ல 😄

பார்டு சொன்ன கை மேட்டர்ல எனக்கு வாதமே இல்ல, அதுக்கு தடை போடறவன் மனுஷன் இல்ல. ஆனா அமாஸ்கட்ட காட்டி சாவேஜ மாத்த சொன்னா ஒத்துக்க மாட்டேன். தனியாவும் போலாம், எட்டு பேராவும் போலாம்னு ஒரு ஃபைட் செஞ்சா, எட்டு பேரும் ஒரே நொடில சரியா நின்னாதான் பொழைப்போம்ங்கற மெக்கானிக்க அதுல வெக்கவே முடியாது. சாவேஜ்ல பாதி மெக்கானிக் அதான். வாவ்ல நார்மல், ஹீரோயிக் ரெய்டுக்கு 10லேர்ந்து 30 பேர் வரைக்கும் எத்தன பேர் வந்தாலும் ஒத்துக்கும், ஆனா உச்ச மோடு மித்திக் மட்டும் 2014லேர்ந்து சரியா 20. ஏன்? ஆள் எண்ணிக்க தெரிஞ்சாதான் ஃபைட்ட இழைக்க முடியும்.

ஒண்ணு மட்டும் நான் மாத்த சொல்லுவேன், அது யாரும் பேசல, வாரா வாரம் லூட் லாக் (வாரத்துக்கு ஒரு தடவதான் பரிசு). நானே சொல்றேன், எங்க ஸ்டாட்டிக்ல 12 பேர வெச்சுகிட்டு வர்ற எட்டு பேரோட ஆடலாம்னு பாத்தோம், ஷிப்டு ஆளுங்களுக்கு அதான் சரியான வழி. ஆனா அந்த வாரம் ஏற்கனவே முடிச்ச ஒருத்தர் உள்ள வந்தாலே பரிசு பெட்டி கொறையும், இன்னும் அதிகமா இருந்தா பெட்டியே வராது. அதாவது நேத்து வேற குரூப்புக்கு உதவி பண்ணவன இன்னைக்கு நாங்க வாசல்லயே நிறுத்தணும். ஆள் மாத்தி ஆடறவனுக்கு அபராதம் போடற ரூல் இது. பேட்ச் கடைசில லாக்க எடுத்துடறாங்க, அத ரெண்டாவது மாசத்துலயே எடுத்தா டிராகூன் மாதிரி பத்து பேர சேத்துக்கலாம், ஃபைட்ல ஒரு நம்பர் கூட கொறைக்க வேணாம்.


வியாசை_வார்லாக்:

பாத்தியா, கட்சி மாறிட்டாரு.


ராயபுரம்_டேங்க்:

மாறல. பாஸ தொட கூடாது, வாசல்ல நிக்கற வாட்ச்மேன மாத்துன்னு சொல்றேன். ரெண்டும் வேற.


எண்ணூர்_நைட்ஷிப்ட்:

அததான் தம்பியும் மொத போஸ்ட்ல சொன்னாரு சார் 🙂

டிராகூன் தம்பி, டிரான்ஸ்ஃபர் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேரக்டர் சும்மா எலிமென்டல்ல உருவாக்கி டவுன்ல நடந்து பிங் பாருங்க, சாயங்காலம் 5:30 டு 8:30லயே பாருங்க, காலைல பாத்தா நல்லாதான் காட்டும். சில நெட் கம்பெனி சிங்கப்பூர் வழியா அனுப்பாம ஊர் சுத்தி அனுப்பும், அப்ப டோக்கியோ 200 தாண்டும், அதுக்கு அப்புறம் காசு கட்டி பிரயோஜனம் இல்ல. ரூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, நம்ம ஏரியாவுல சாயங்காலம் கரெண்டு ஒரு நிமிஷம் போயிட்டு வரும்ல, லேப்டாப் தாங்கிடும், ரூட்டர் திரும்ப எழுந்துக்கறதுக்குள்ள பார்ட்டி கலைஞ்சிடும்.


தண்டையார்பேட்டை_டிராகூன்:

எலிமென்டல்ல கேரக்டர் போட்டேன், 118 காட்டுது, ஐரோப்பாவ விட நல்லா இருக்கு. அடுத்த வாரம் 6 டு 2. பார்டு, மொத ஃபைட்டுக்கு ஜப்பான்ல அடிக்கற மேக்ரோ உங்க கிட்ட இருந்தா இங்கயே போடுங்க, எது என் எடம்னு குறிச்சு குடுத்தா இன்னும் நல்லது, வேலைக்கு போற பஸ்லயே பாத்து மனப்பாடம் பண்ணிடறேன்.


ஒத்தக்கை_பார்டு:

நைட்டு போடறேன். நீங்க மெலீ (கிட்ட நின்னு அடிக்கறவர்), அதனால டி1 இல்ல டி2 தான் எடம். ரெண்டையும் படிச்சிட்டு வாங்க, உங்களுக்கு முன்னாடியே ஒரு மெலீ டி1 எடுத்துட்டு உக்காந்திருப்பான்.